அந்திம ஸ்மிருதியும் மறதி நோயும்

இறக்கும் தறுவாயில் இறைவனை நினைப்பவர் அவனையே அடைவர் என்று கீதையின் எட்டாம் அத்தியாயம் கூறுவதை அப்படியே ஏற்பதானால், அந்தத் தறுவாய்க்குப் பல ஆண்டுகள் முன்பே நினைவாற்றலை இழந்துவிட்டவரின் கதி என்ன என்ற கேள்வி எழாமல் இராது. வைணவ ஆசிரியர்கள் அந்திம ஸ்மிருதி, அதாவது கடைசி நேர நினைவு, என்று பெயரிட்டு ஆராய்ந்த இக்கேள்வி, ராமாநுசர் 1017இல் அவதரித்ததாக மரபு கொள்ளும் திருப்பெரும்புதூரின் சுற்றுவட்டாரத்தில் ஏட்டோடு நின்றுவிடும் கேள்வியன்று. சோழர் கல்வெட்டுகள் நிறைந்த ராஜகோபாலப் பெருமாள் கோயிலைக் கொண்ட, அவ்வட்டாரத்து மணிமங்கலத்தில், ஒரகடத்து ஆலைகளுக்கு ஷிப்ட் பேருந்து ஏறிச் செல்லும் தலைமுறையின் பெற்றோர் இப்போது மூப்படைந்து வருகின்றனர். இந்தியாவில் 60 வயதைக் கடந்தோரில் சுமார் 7.4 விழுக்காட்டினருக்கு டிமென்ஷியா எனப்படும் மறதி நோய் இருப்பதாக 2023இல் வெளியான தேசிய ஆய்வொன்று மதிப்பிட்டிருக்கிறது.

இந்நோயை எதிர்கொள்ள நவீன மருத்துவத்தையும் மரபு முறைகளையும் ஒன்றிணைக்கும் முயற்சிக்குச் சென்னையில் நல்ல சான்றாக அமைவது, நரம்பியல் உளநல மருத்துவர் எண்ணப்பாடம் கிருஷ்ணமூர்த்தியின் பணி. மறதி நோயாளிகளில் மூன்றில் இரு பங்கினர் வளரும் நாடுகளில் வாழ, ஆய்வுகளில் பத்தில் ஒரு பங்குகூட அவர்களைப் பற்றியதாக இல்லை என்ற குறையையே தன் பெயராக்கிக்கொண்ட ‘10/66’ ஆய்வுக் குழுவில் பங்கேற்றவர் அவர்; மார்ட்டின் பிரின்ஸ், ஜெப்ரி கம்மிங்ஸ் ஆகிய ஆய்வாளர்களுடன் இணைந்து இந்நோய் குறித்த ஆய்வு நூலொன்றை 2010இல் தொகுத்தவர்; தாம் நிறுவிய புத்தி கிளினிக்கில் நரம்பியலோடு யோகம், ஆயுர்வேதம், இயற்கை மருத்துவம் முதலியவற்றைச் சேர்த்து வழங்குபவர். அமெரிக்காவில் இதே வழியில் இன்னும் துணிந்து சென்றவர், சீக்கிய நெறியைத் தழுவிய மருத்துவர் தர்மசிங் கால்சா. அவர் பரப்பிய கீர்த்தன் கிரியா என்னும் பயிற்சியில் ஸா, தா, நா, மா என்ற நான்கு ஒலிகளைச் சொல்லிக்கொண்டே, கட்டைவிரல் நுனியால் சுட்டுவிரல் முதல் சுண்டுவிரல் வரை ஒவ்வொன்றாகத் தொட வேண்டும்; இரண்டு நிமிடம் வாய்விட்டும், இரண்டு நிமிடம் முணுமுணுத்தும், நான்கு நிமிடம் மனத்துக்குள்ளும், பின்பு மீண்டும் இரண்டு நிமிடம் முணுமுணுத்தும், இரண்டு நிமிடம் வாய்விட்டுமாக மொத்தம் பன்னிரண்டு நிமிடம். இப்பயிற்சியையும் குண்டலினி யோகத்தையும் 55 வயது கடந்த 81 பேரிடம் பன்னிரண்டு வாரம் சோதித்த கலிபோர்னியப் பல்கலைக்கழக ஆய்வில், நினைவுப் பயிற்சி பெற்றோரைப் போலவே யோகம் பயின்றோரும் நினைவாற்றலில் முன்னேறினர் என்றும், மனநிலையில் அவர்களுக்குக் கூடுதல் பயன் கிடைத்தது என்றும் தெரியவந்தது. பயன் உண்மைதான், எனினும் இவ்வளவு சிறிய, குறுகிய கால ஆய்விலிருந்து நோயையே தடுத்துவிடலாம் என்ற முடிவுக்குச் செல்ல முடியாது.

இங்கே ஒரு தலைகீழ் மாற்றம் நிகழ்ந்திருப்பது கவனத்துக்குரியது. பதஞ்சலியின் யோக நூல், சித்தத்தின் ஐந்து விருத்திகளுள், அதாவது அடக்கப்பட வேண்டிய மன அசைவுகளுள், நினைவையும் ஒன்றாக எண்ணுகிறது. பக்தி மரபோ நினைவை இறைவனுக்கு உரியதாக்குகிறது. நினைவைக் காப்பதற்காக இத்தகைய ஒலிகளையோ இறைநாமத்தையோ சொல்வது இவ்விரண்டிலும் சேராத புதிய வழக்கம். அதனால் மட்டும் அது குற்றமாகிவிடாது. முழங்கால் வலிக்காகக் கிரிவலம் செல்பவரை அருணாசலம் திருப்பி அனுப்புவதில்லை. சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. உயர் ரத்த அழுத்தம், நீரிழிவு, செவித்திறன் குறைவு, தனிமை, கல்வியின்மை உள்ளிட்ட 14 காரணிகளைச் சரிசெய்தால் உலகில் ஏற்படும் மறதி நோயில் சுமார் 45 விழுக்காட்டைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்று லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் 2024இல் கணக்கிட்டது. எஞ்சிய பாதிக்கு மேலானவை எவருடைய ஒழுக்கத்துக்கும் கட்டுப்படாதவை. தடுக்கக்கூடிய காரணிகளிலும் சிறுவயதில் பள்ளிக்குச் செல்ல முடியாமல் போனது தனிமனிதரின் பிழையன்று. ஆயினும் தடுப்பு என்ற பேச்சு வலுக்க வலுக்க, நோய் வந்தவர் வல்லாரை உண்ணாதவர், நடைப்பயிற்சி செய்யாதவர், நாமம் சொல்லாதவர் என்ற பழி, முன்வினைக் கணக்கு போல அவர்மேல் ஏறிவிடுகிறது.

இவ்விடத்தில்தான் ராமாநுச சித்தாந்தம் மருத்துவத்துக்கு ஒரு நுட்பத்தைவிடப் பெரிதான ஒன்றைத் தருகிறது. ஒருவர் யார் என்பது அவருடைய நினைவு எட்டும் தொலைவு வரையே என்று 17ஆம் நூற்றாண்டில் தத்துவ அறிஞர் ஜான் லாக் வாதிட்டதை ஏற்றால், நினைவு அழியும்போது ஆளும் அழிகிறார். ராமாநுசரின் விசிஷ்டாத்துவைதமோ, அறிவே வடிவான ஆன்மாவையும், அதனிடமிருந்து விளக்கொளி போலப் பரவும் தர்மபூத ஞானம் என்ற அறிவையும் பிரித்துக் காண்கிறது. பொருள்களைப் பற்றிய நினைவும் உணர்வும் இந்த இரண்டாவதன் நிலைகளே. அது சுருங்கும், விரியும். முன்னதற்குச் சுருக்கம் இல்லை. மகனின் பெயரை மறந்த மூதாட்டி மார்கழியில் திருப்பாவையின் முதற்சொல்லை யாரேனும் எடுத்துக்கொடுத்தால் மேலே தொடர்ந்து சொல்வதை மருத்துவர், பழைய நினைவுகளும் பாட்டும் பலருக்கு நெடுநாள் எஞ்சும் என்று விளக்குவார். அந்தப் பாட்டும் ஒருநாள் நின்றுபோகும்போது சொல்வதற்கு மருத்துவரிடம் அதிகம் இராது.

பக்தியைத் துருவாநுஸ்மிருதி, அதாவது எண்ணெய் ஒழுக்குப் போல அறாத நினைவு, என்று ஸ்ரீபாஷ்யத்தில் வரையறுத்தவரும் ராமாநுசரே என்பதால் சிக்கல் தீர்ந்துவிட்டதாகக் கொள்வதற்கில்லை. நினைவையே வழியாகக் கொண்டவர் நினைவு அறுந்தால் என்ன செய்வார்? அடியவர் திருக்கச்சி நம்பி வழியாகக் காஞ்சி வரதராசப் பெருமாள் ராமாநுசருக்கு அருளியதாகக் குருபரம்பரை கூறும் ஆறு வார்த்தைகளுள் ஒன்று இதற்கு நேரான விடை: சரணடைந்தவருக்கு அந்திம ஸ்மிருதி கட்டாயமில்லை. வைணவ ஆசிரியர் வேதாந்த தேசிகர் ‘ரஹஸ்ய சிகாமணி’யில் உரை வகுத்த, வராக அவதாரத்தின் வாக்காக வழங்கும் வராக சரம சுலோகம் இன்னும் ஒருபடி மேலே செல்கிறது: உடலும் உள்ளமும் நலமாக இருந்த காலத்தில் தன்னை நினைத்தவன் கட்டையும் கல்லும் போலக் கிடக்கும்போது, அவனைத் தான் நினைத்துக்கொள்வதாக இறைவனே அதில் பொறுப்பேற்கிறான்.

நினைவிழந்தவருக்காக நினைவில் வைத்திருப்போர் வீட்டிலும் உண்டு. எழுத்தறியாதவரைத் தவறாக நோயாளியாக்கிவிடாதிருக்க, 10/66 குழுவினரின் சோதனையில் முதியவரிடம் மட்டுமன்றி அவரை நன்கறிந்த ஒருவரிடமும் கேள்விகள் கேட்கப்படும். மணிமங்கலம் போன்ற ஊரில் அவற்றுக்குப் பதில் சொல்பவர் பெரும்பாலும் மருமகளாகவோ மகளாகவோ இருப்பார். பராமரிப்போரில் பெரும்பாலோர் பெண்களே என்பதையும், அவர்களில் பலர் சம்பள வேலையைக் குறைத்துக்கொண்டோ கைவிட்டோ இருந்ததையும் அக்குழுவின் ஆய்வுகளே காட்டின. இறைத்தொண்டிலும் மேலானது அடியார் தொண்டு என்று சொல்லும் மரபு பராமரிக்கும் பெண்ணின் உழைப்பைப் பாகவத கைங்கரியமாக ஏற்க இடமளிக்கிறது என்றாலும், அப்படிப் பெயரிடுவதால் அவள் கண்விழிக்கும் இரவுகள் குறைவதில்லை. அடுத்த ஷிப்டுக்குக் கிளம்பும் மகனும், முதியோர் பராமரிப்பைக் குடும்பத்திடமே விட்டுவைத்திருக்கும் அரசும் அதில் தமக்குள்ள பங்கிலிருந்து விடுபடுவதும் இல்லை.