பகையிலும் நீதி



அல்ஜீரியாவை ஆக்கிரமித்த பிரெஞ்சுப் படையை 1832 முதல் 1847 வரை எதிர்த்துப் போராடியவர் அமீர் அப்துல் காதிர் (ரஹ்). பிரான்ஸ் அவரை 1852 வரை காவலில் வைத்தது. பின்னர் டமாஸ்கஸில் குடியேறினார்.

1860 ஜூலையில் அந்நகரில் முஸ்லிம் கும்பல்கள் கிறிஸ்தவர்களைக் கொன்று வீடுகளுக்குத் தீ வைத்தன. அமீர் தம் அல்ஜீரியத் தோழர்களுடன் தெருவில் இறங்கி, ஆயிரக்கணக்கானோரை மீட்டுப் பாதுகாத்தார். அவர் வீட்டில் அடைக்கலம் பெற்றவர்களில் பிரெஞ்சுத் தூதரகத்தாரும் இருந்தனர்!

வெறுப்பு நம்மை நீதி தவறச் செய்யக் கூடாது என்பது அல்மாயிதா அத்தியாயத்தின் 8வது வசனம் தரும் பாடம். அடுத்தவர் அநியாயத்தைக் கண்டிப்பது எளிது. நம்மவரே அநியாயம் செய்தால் குறுக்கே நிற்போமா? யோசியுங்கள்.

அந்தத் துணிவை அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.