ஆண்டவர் பெயரைக் கேட்டார்



கல்லறைகளிடையே வாழ்ந்த கெரசேனர் நாட்டு மனிதனைப் புனித மாற்கு தம் நற்செய்தியின் 5-ம் அதிகாரத்தில் நம் முன் நிறுத்துகிறார். ஊரார் அவனை விலங்கிட்டார்கள், சங்கிலியால் கட்டினார்கள். அவற்றை அவன் முறித்தெறிந்தான். ஆண்டவர் யேசுவோ சங்கிலியைத் தேடவில்லை, பெயரைக் கேட்டார். முடிவில் அவன் ஆடையணிந்து, தெளிந்த மனத்தோடு அமர்ந்திருக்கிறான்.

மனநோயெல்லாம் பேயின் வேலையென்று இதிலிருந்து எவரும் முடிவு கட்ட வேண்டாம். அது வைத்தியம் வேண்டிய நோய். ஆபத்து வேளையில் நோயாளியைப் பிடித்துக்கொள்ள நேரலாம். ஆனால் வார்த்தைக்கு முன் கயிறு வரலாகாது.

கயிறு முந்தினால் என்னவாகும்? தமிழகத்தின் இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில், 2001-ம் ஆண்டு ஆகஸ்ட் 6-ந் திகதி, ஆண்டவர் உருமாறிய திருநாளன்று, மனநோயாளர் தங்கியிருந்த கொட்டகை தீப்பற்றியது. சங்கிலியில் கட்டுண்டவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் மாண்டனர்.

வார்த்தை முந்தினால்? இங்கிலாந்தில் 15 வைத்தியசாலைகளின் 31 மனநோய் விடுதிகளில் நடந்த ஆய்வொன்றின் முடிவு 2015-ல் வெளிவந்தது. பணி மாறும் வேளையில் தாதியர் ஒவ்வொரு நோயாளியைப் பற்றியும் ஒரு நல்ல வார்த்தை சொன்னார்கள். அவர் முரண்டு பிடித்திருந்தால் அதன் காரணத்தையும் சேர்த்துச் சொன்னார்கள். கொதித்தெழுந்தவரிடம் தணிந்த குரலில் பேசப் பழகினார்கள். இப்படிப் 10 சிறு வழக்கங்களைக் கைக்கொண்ட விடுதிகளில், பிடித்து அடக்குதல், தனியறையில் அடைத்தல் முதலியன மொத்தத்தில் கால் பங்குக்குச் சற்று அதிகமாகவே குறைந்தன.

இது தாதியருக்கு மட்டும் உரிய பாடமா? மாத்தளைத் தோட்டத்து லயமொன்றிலிருந்து ஒருவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அவர் தமிழில் கதறுகிறார்; எதிரே நிற்கும் தாதிக்குச் சிங்களம் மட்டுமே தெரியும். இருபக்கமும் பயம் ஏறுகிறது. அவரை வாசலில் விட்டுவிட்டு பஸ் பிடித்துத் திரும்பினால், கயிற்றின் ஒரு முனை நம் கையில் அல்லவா இருக்கிறது? கூடவே நில்லுங்கள். மொழி தெரிந்த அயலவரை அழைத்துச் செல்லுங்கள். வீட்டில் அவரை எப்படி அழைப்பீர்கள், எதற்கு அஞ்சுவார், எதனால் அமைதியாவார் என்று எடுத்துச் சொல்லுங்கள்.

அங்கொடை என்ற ஊர்ப்பெயரையே நாம் ஏச்சாக்கிவிட்டோம். இனி அந்த ஏச்சு நம் பிள்ளைகளின் வாயில் வராதிருக்கட்டும். 'பைத்தியம்' என்றே அழைக்கப்படும் ஒருவர் உங்கள் லயத்திலோ தெருவிலோ இருப்பார். இந்த ஞாயிறு பூசை முடிந்து திரும்பும்போது அவருடைய பெயரைக் கேட்டறியுங்கள். அந்தப் பெயர் சொல்லி அழையுங்கள். ஆண்டவர் தொடங்கிய இடம் அதுவே.