குறை யாருடையது?

மயிலம் மலைக்கோயிலின் தலவரலாறு சூரபதுமனின் தோல்வியோடு முடிந்துவிடுவதில்லை. தோற்றவன் முருகனுக்கு வாகனமாக வேண்டி மயில் வடிவில் மலையாகித் தவம் கிடந்தான் என்பது இவ்வூர்க் கதை. அசுரத்தன்மை அவனுடைய இயல்பு என்றால் அவனை அழிப்பதைத் தவிர வேறு வழி இருந்திருக்காது. வந்து ஒட்டியது என்றால்தான் அதை நீக்கி அவனை ஏற்றுக்கொள்ள முடியும். ஒன்றிடம் காணப்படும் குறை அதற்கே உரியதா, சேர்க்கையால் வந்ததா என்ற இந்தக் கேள்வி சைவ சித்தாந்தத்தின் நடுவில் இருக்கிறது. இதே விழுப்புரம் மாவட்டத்துத் திருவெண்ணெய்நல்லூரில், 13ஆம் நூற்றாண்டில், 12 சூத்திரங்களில் சிவஞானபோதத்தைத் தந்த மெய்கண்டாரின் மரபு, உயிரின் இயல்பைச் ‘சார்ந்ததன் வண்ணமாதல்’ என்று வகுத்தது. மலம் என்னும் அழுக்கைச் சார்ந்தால் மலமாகவே தோன்றும்; அருளைச் சார்ந்தால் அதன் ஒளியில் நிற்கும். நாம் அன்றாடம் புழங்கும் பொருள்களைத் தூக்கி எறியுமுன்னும் இந்தக் கேள்வியைக் கேட்டாக வேண்டும் என்பது என் துணிபு. மலிவு விலைக் கணினியை வைத்தே அதைச் சோதிக்கலாம்.

மயிலத்திலோ திண்டிவனத்திலோ ஒரு ஜெராக்ஸ் கடையில் பத்தாண்டுப் பழைய அசெம்பிள் கணினி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆன் செய்தால் வேலைக்கு வரச் சில நிமிடம் ஆகிறது. ‘சிஸ்டம் பழசாயிடுச்சு, மாத்திடுங்க’ என்று தீர்ப்பு சொல்லிவிடுகிறோம். உள்ளே நடப்பதைப் பார்ப்போம். நிமிடத்துக்கு 7,200 சுற்று சுழலும் ஹார்டு டிஸ்க்கில் ஒரு சுற்றுக்கு 8.3 மில்லிநொடி. வேண்டிய இடம் முனைக்குக் கீழே வந்து சேரச் சராசரியாக அரைச் சுற்று, அதாவது 4.2 மில்லிநொடி. முனை தடம் மாற இன்னும் ஏறத்தாழ 9. ஆக, அங்கங்கே சிதறிக் கிடக்கும் ஒவ்வொரு துணுக்குக்கும் 13 மில்லிநொடி. நொடிக்கு எண்பதைத் தொடுவதே கடினம். 3 கிகாஹெர்ட்ஸ் பிராசசருக்கு அந்த 13 மில்லிநொடியில் சுமார் 4 கோடித் துடிப்புகள் கடந்துபோகின்றன. விண்டோஸ் தொடங்கும்போது கேட்பதோ இத்தகைய துணுக்குகளை ஆயிரக்கணக்கில். டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் டிஸ்க் 100 சதவீதத்தில் திணறும்; பிராசசர் பெரும்பாலும் சும்மா இருக்கும். சார்ந்ததன் வண்ணம் என்பது இதுதான். சுழலும் பாகமே இல்லாத எஸ்எஸ்டியில் அதே துணுக்கு 0.1 மில்லிநொடி அளவில் கிடைத்துவிடுகிறது. மதர்போர்டு பழையதாகி, அதன் சாட்டா இணைப்பு நொடிக்கு 300 மெகாபைட்டுக்கு மேல் தராவிட்டாலும், காத்திருப்பு அறுபட்டுவிடுவதால் கணினி வேறாகிவிடுகிறது. செலவு, புதுக் கணினி விலையில் ஒரு சிறு பங்கு.

உயிரற்ற பொருளுக்கு ஆன்மாவின் இலக்கணத்தைப் பொருத்தலாமா என்று சித்தாந்தம் கற்றவர்கள் கேட்பார்கள். கணினிக்கு உயிர் உண்டென்று நான் சொல்லவில்லை. குறையை யார்மேல் ஏற்றுவது என்ற ஆராய்ச்சி முறையை மட்டுமே எடுத்துக்கொள்கிறேன். அந்த மரபும் அருகிலுள்ள நிறத்தைக் காட்டும் பளிங்கையும், களிம்பேறிய செம்பையும் காட்டித்தானே உயிரை விளக்கியது? அதைவிட வலுவான மறுப்பு ஒன்று உண்டு: சில கணினிகள் உண்மையிலேயே முடிந்துபோனவை. ஆம். 2 ஜிபி ரேமோடு தவிக்கும் கணினியில் டிஸ்க்கை மட்டும் மாற்றினால் போதாது. வீடியோ எடிட்டிங்குக்குப் பழைய பிராசசர் எப்படியும் ஈடுகொடுக்காது. ஆனால் அது சோதித்த பிறகு வரவேண்டிய முடிவு. 2025 அக்டோபர் 14இல் விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு நின்றது. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி இல்லாததாலோ, பிராசசர் பட்டியலில் இல்லாததாலோ விண்டோஸ் 11 ஏற்காத கணினிகள் பலவற்றில் லினக்ஸ் நன்றாக ஓடும். அவற்றின் ‘முதுமை’ வெளியிலிருந்து அறிவிக்கப்பட்டது.

வேகத்தை நாடுவதே ஆசை, பொறுமைதானே அறம் என்ற மறுப்பை நான் எளிதாகத் தள்ளமாட்டேன். தன் வீட்டுக் கணினி முன் ஒருவர் நிதானமாகக் காத்திருந்தால் அது அவருடைய நோன்பு. கூலி வேலையை விட்டுவிட்டு வருமானச் சான்றிதழுக்காக இத்தகைய கணினி உள்ள கடையில் வரிசையில் நிற்பவர்மீது அந்தப் பொறுமையைச் சுமத்த யாருக்கும் உரிமையில்லை. அவர் இழப்பது அரை நாள் கூலி. பிறர் நேரத்தைத் தின்னும் தடையை நீக்குவதை ஆசைக் கணக்கில் எழுதுவது சரியாகாது, அது கடமை.

இதே நியாயம் கழற்றப்பட்ட ஹார்டு டிஸ்க்குக்கும் உண்டு. சிதறிய துணுக்குகளை ஓடி ஓடிப் பொறுக்கும் வேலையில்தான் அது தோற்றது. திருமண ஆல்பப் படங்களையும் பழைய ஆவணங்களையும்போல வரிசையாகப் படிக்கும் பெரிய கோப்புகளை நொடிக்கு 100 மெகாபைட்டுக்கு மேலும் அதனால் தர முடியும். ஆகவே அதே பெட்டியில் இரண்டாவது டிஸ்க்காக மாட்டி, சேமிப்பு வேலையைக் கொடுக்கலாம். முதலில், தன் நிலையைப் பற்றி டிஸ்க்கே தரும் ஸ்மார்ட் அறிக்கையைப் பார்க்க வேண்டும். பழுதாகி மாற்றப்பட்ட செக்டர்களின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனால், அதில் இருப்பவற்றை உடனே வேறிடத்தில் நகலெடுத்துவிட்டு, டிஸ்க்கை மின்கழிவு எடுப்பவரிடம் கொடுத்துவிடலாம்.