மீட்டர் பொய் சொல்வதில்லை

வேப்பனப்பள்ளிக் கடைத்தெருவில் வானொலிப் பெட்டிகளைப் பழுது பார்க்கும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். வருகிறவருக்குத் தக்கபடி தமிழிலோ, தெலுங்கிலோ, கன்னடத்திலோ பேசுவார். எல்லை ஊர் அல்லவா! அமெச்சூர் வானொலி உரிமம் பெற்ற நண்பர் ஒருவர் தம்முடைய பழைய வால்வு டிரான்ஸீவரை அவரிடம் கொண்டுபோனபோது நானும் துணைக்குப் போனேன்.

செய்தியை வாங்கவும் அனுப்பவும் வல்ல பெட்டி அது. போட்ட கால் மணி நேரத்தில் குரல் சிதையும். ஒரு வால்வு அளவுக்கு மீறிச் சூடேறும். பெரியவர் ஒரு கண்டன்ஸரின் ஒற்றைக் காலை மட்டும் ஈயத்தை இளக்கி விடுவித்தார்.

"இரண்டு காலும் ஒட்டியிருந்தால் பக்கத்துச் சாமான்களின் கணக்கையும் சேர்த்துக் காட்டும், சார்" என்றார்.

மீட்டரை வைத்தார். முள் சற்றே துள்ளிப் பழைய இடத்துக்குத் திரும்பியது.

"நல்லதுதானே?" என்றோம் நாங்கள்.

"மீட்டருக்குள்ளே 1.5 வோல்ட் பாட்டரி. பெட்டிக்குள்ளே இது தாங்க வேண்டியது 250 வோல்ட்."

அந்த 250 வோல்ட்டையும் கொடுத்துப் பார்த்தார். முள் ஏறியது; இறங்கவே இல்லை. தடுக்க வேண்டிய மின்சாரத்தைக் கண்டன்ஸர் கசியவிட்டது. அந்தக் கசிவுதான் அடுத்த வால்வை வாட்டியிருக்கிறது. மீட்டர் பொய் சொல்லவில்லை. 'நல்லது' என்றவர்கள் நாங்கள்.

எனக்குச் சுருக்கென்றது. பல வருஷங்களுக்கு முன் எதிர் வீட்டுக்காரர், தம் மகளுக்கு வந்த வரனைப் பற்றி என்னிடம் விசாரித்தார். பையன் என் வீட்டுத் திண்ணையில் நாலைந்து மாலை இலக்கியம் பேசியவன். "தங்கமான பிள்ளை" என்றேன். வியாபாரம் நொடித்த வருஷம் அந்தத் தங்கம் குடித்துவிட்டு வந்து அவளை அடித்தது. கைக்குழந்தையோடு அவள் தாய் வீடு திரும்பினாள். அவள் தகப்பனார் இன்றுவரை என்னை ஒரு வார்த்தை கடிந்து சொன்னதில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

கண்டதைத்தானே சொன்னேன் என்று நெடுநாள் எனக்கு நானே வாதாடியிருக்கிறேன். அந்த வாதம் வேப்பனப்பள்ளியில் தோற்றது. நான் கண்டது 1.5 வோல்ட், உறுதி கொடுத்தது 250-க்கு. இடைப்பட்டதெல்லாம் என் பொய்.

அப்படியானால் மனிதரையும் முழு அழுத்தத்தில் வைத்துச் சோதிக்கலாமா? கூடாது. விசுவாமித்திரரின் சோதனையில் அரிச்சந்திரன் வென்றான் என்று கொண்டாடுகிறோம். சந்திரமதி பட்ட பாட்டுக்கு யார் கணக்கு வைத்தார்கள்? கண்டன்ஸர் போனால் வேறு வாங்கலாம். வேண்டுமென்றே துன்பத்தை ஏற்றி ஒருவன் தரத்தை அறிய முனைவது, சோதிப்பவனின் கசிவையே காட்டும்.

சோதனை தானாக வரும். 2004 டிசம்பர் 26-ல் ஆழிப்பேரலை அந்தமானைத் தாக்கியபோது, அமெச்சூர் வானொலிப் பணிக்காகப் போர்ட் பிளேர் வந்திருந்த பாரதி பிரசாத் அம்மையாரும் குழுவினரும் தங்கள் கருவிகளைக் கொண்டே தீவுகளின் செய்தியை வெளியே சேர்த்தார்கள். அன்று ஒரு பெட்டி ஊமையாகியிருந்தால், முன்பு மேஜைமேல் அது 'நல்லது' என்று பெயர் வாங்கியதால் யாருக்கு என்ன லாபம்?

பெரியவர் புதுக் கண்டன்ஸரைப் பற்றவைத்தார். பிறர் பேச்சில் குறுக்கிடாமலிருக்க, ஆன்டெனாவுக்குப் பதில் 50 ஓம் டம்மி லோடை இணைத்து ஓட்டினார். வால்வு சூடேறவில்லை. பெட்டியை நண்பரிடம் கொடுக்கும்போது சொன்னார்:

"ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்த்தேன். அதற்கு மேல் நான் பார்க்கவில்லை."

அன்று என் திண்ணையில் நான் சொல்லியிருக்க வேண்டிய வாக்கியம் அது.