தருகிற பெட்டி

கிராஃபிக்ஸ் கார்டு வாங்கக் கிளம்பும் பிள்ளைகள் கார்டைப் பற்றியே பேசுகிறார்கள். எத்தனை ஜிபி, எந்த சாஃப்ட்வேர் ஓடும், எங்கே விலை குறைவு என்பதுதான் பேச்சு. கேபினெட்டின் மூலையில் தூசி படிந்து கிடக்கும், கம்ப்யூட்டருக்கு மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ்ஸை யாரும் கவனிப்பதில்லை. கார்டு கேட்கும் ஒவ்வொரு வாட்டும் அந்தச் சாம்பல் பெட்டி வழியாகத்தான் வந்தாக வேண்டும்.

கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில் உள்ள வண்டிப்பெரியார் மாதிரி ஊரில் இது சின்ன விஷயமில்லை. தேயிலைத் தோட்டத்து லயத்திலிருந்து ஒரு பிள்ளை அனிமேஷனோ கட்டட வரைபடமோ படிக்கப் போனால், வீட்டுக்கு வருவது பெரும்பாலும் ஏதோ ஓர் ஆபீஸில் உழைத்து முடித்த செகண்ட் ஹேண்ட் கம்ப்யூட்டர். டெல் ஆப்டிபிளெக்ஸ் 7010 என்றால், அதன் சின்ன கேபினெட்டில் இருக்கும் சப்ளை 240 வாட். இல்லாவிட்டால் கடையில் அசெம்பிள் செய்தது. கேபினெட்டோடு சேர்ந்து வந்த எஸ்எம்பிஎஸ்ஸின் மேல் 450 என்று பெரிதாக அச்சிட்டிருக்கும். 450-தான் பெரிது என்று தோன்றும். ஸ்டிக்கரில் இன்னும் கொஞ்சம் கீழே போய்ப் படிக்க வேண்டும். 12 வோல்ட் கட்டத்தில் 16 ஆம்பியர் என்று போட்டிருந்தால் இரண்டையும் பெருக்குங்கள்: 192 வாட். பிராசஸரும் கார்டும் பங்கு போட்டுக்கொள்ள இருப்பது அவ்வளவுதான். பெரிய எழுத்தை நம்பி வாங்கியவர்களுக்குச் சின்ன எழுத்து பிறகு பாடம் நடத்தும்.

கரண்ட்டையும் சேர்த்து யோசிக்க வேண்டும். வண்டிப்பெரியாரைத் தாண்டி ஓடும் பெரியாறு இடுக்கி நீர்த்தேக்கத்தில் சேர்கிறது. அந்தத் தண்ணீரில் மூலமற்றம் மின்நிலையத்தின் ஆறு இயந்திரங்கள் 780 மெகாவாட் வரை மின்சாரம் எடுக்கின்றன. அப்படிப்பட்ட மாவட்டத்திலும், நீண்ட லைனின் கடைசி வீட்டில் மாலை ஏழு மணிக்கு டியூப்லைட் எரிய மறுத்தால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. வோல்டேஜ் இறங்கினால் அதே வாட்டைக் கொடுக்க எஸ்எம்பிஎஸ் கூடுதல் ஆம்பியர் இழுக்கிறது. மலிவானது அதில் சூடேறித் தளர்கிறது. ஊற்றில் எவ்வளவு இருக்கிறது என்பது ஒரு கணக்கு. வீட்டுப் பிளக்கில் எவ்வளவு வந்து சேர்கிறது என்பது வேறு கணக்கு.

இவ்வளவையும் பார்த்த பிறகு கார்டுகளைப் பார்த்தால், பட்டியல் தானாகவே குறுகிவிடும். மதர்போர்டின் நீள ஸ்லாட் அதிகபட்சம் 75 வாட் தரும். சில ஆபீஸ் பெட்டிகளில் அதையும் குறைத்து வைத்திருப்பார்கள், கையேட்டைப் பார்த்துவிடுவது நல்லது. தனி வயர் கேட்காமல் அந்த எல்லைக்குள் ஓடும் கார்டுகள் உண்டு. ஜிடி 1030-க்கு 30 வாட், ஆர்எக்ஸ் 6400-க்கு 53, ஜிடிஎக்ஸ் 1650-க்கு 75, 2024-இல் வந்த 6 ஜிபி ஆர்டிஎக்ஸ் 3050-க்கு 70. அதே 3050 என்ற பெயரில் 8 ஜிபி கார்டும் கடையில் இருக்கும். அது கேட்பது 130. சாட்டா வயரிலிருந்து கார்டுக்கு மின்சாரம் எடுக்கும் அடாப்டரைக் கடைக்காரர் நீட்டினால் வாங்காதீர்கள். அந்த சாட்டா முனை 12 வோல்ட்டில் தாங்குவது 54 வாட்தான். அதற்கு மேல் இழுத்தால் பிளாஸ்டிக் உருகும்.

பெரிய நிறுவனங்களும் இந்த இடத்தில் தடுக்கியதுண்டு. 2016-இல் ஏஎம்டி வெளியிட்ட ஆர்எக்ஸ் 480 ஸ்லாட்டிலிருந்து 75 வாட்டுக்கு மேல் இழுப்பதைச் சோதனை செய்தவர்கள் கண்டுபிடித்தார்கள். சில நாட்களில் டிரைவரைத் திருத்தி வெளியிட வேண்டியதாயிற்று. ஸ்லாட் அதுவரை கேட்டதைக் கொடுத்துக்கொண்டுதான் இருந்தது.

நல்ல எஸ்எம்பிஎஸ்ஸுக்கு ஒரு குணம் உண்டு. தாங்குவதற்கு மேல் கேட்டால் தன்னைத் தானே அணைத்துக்கொள்ளும். வேலை பாதியில் நின்றதே என்று அதைத் திட்டுகிறோம். உண்மையில் மதர்போர்டையும் ஹார்ட் டிஸ்க்கையும் அது காப்பாற்றியிருக்கிறது. மலிவான பெட்டிக்கு மறுக்கத் தெரியாது. கேட்கக் கேட்கக் கொடுக்கும், ஒரு நாள் கருகும், போகும்போது கூட இருப்பதையும் கொண்டுபோகும். மறுக்க முடிவதுதான் நல்ல பெட்டியின் பலம் என்பது எனக்கு உறுதியாகத் தெரிகிறது. இதை நினைக்கும்போதெல்லாம் இந்த மலைகளில் கொழுந்து கிள்ளும் பெண்கள் என் மனதில் வந்து நிற்கிறார்கள். லயத்து வீட்டில் அம்மாதான் அந்தப் பெட்டி. கம்ப்யூட்டருக்கு, கோர்ஸ் ஃபீஸுக்கு, அடுத்து கார்டுக்கு என்று பிள்ளை கேட்கும்போதெல்லாம் எங்கிருந்தாவது புரட்டித் தருகிறாள். இல்லை என்ற சொல் அவள் வாயில் வருவதில்லை என்பதால், அவளுக்கு எல்லையே இல்லை என்று வீடு நினைத்துக்கொள்கிறது.

2015 செப்டம்பரில் மூணாறில் அந்தப் பெண்கள் அப்படி ஒரு முறை மறுத்தார்கள். போனஸைப் பத்து சதவீதமாகக் குறைத்தபோது கூடையை இறக்கி வைத்துவிட்டு, சங்கத் தலைவர்களையும் தள்ளி நிற்கச் சொல்லி, 'பெம்பிளை ஒருமை' என்ற பெயரில் ரோட்டில் உட்கார்ந்தார்கள். அன்றைய நாள் கூலி 232 ரூபாய். அவர்கள் கேட்டது 500. அடுத்த மாதம் கூலி 301 ஆனது. அந்த உயர்வு மூணாறோடு நிற்கவில்லை, மாநிலத்தின் மற்ற தேயிலைத் தோட்டங்களுக்கும் வந்தது. அத்தனை வருடம் கொடுத்துக்கொண்டே இருந்தவர்களின் அளவு என்ன என்று நாடு கேட்டது, அவர்கள் நிறுத்திய பிறகுதான்.

வீட்டில் அது வரைக்கும் போக விடக்கூடாது. கடைக்குப் போவதற்கு முன் பிள்ளை ஒரு மாலை அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, "பிடிச்சது போக இந்த மாசம் கைக்கு எவ்வளவும்மா வந்துச்சு?" என்று கேட்க வேண்டும். கூலி எவ்வளவு என்று கேட்டால் அது ஸ்டிக்கரின் பெரிய எழுத்து. சீட்டும் கடனும் மருந்தும் போன பிறகு மிஞ்சுவதைக் கேட்க வேண்டும். அந்தத் தொகைக்குள் 6 ஜிபி 3050 அடங்கினால் வாங்கலாம். அடங்காவிட்டால் பழைய 1650 ஒன்றைத் தேடலாம்; ரெண்டர் முடிய இன்னும் சில மணி நேரம் பிடிக்கும், படிப்பு நிற்காது.