சோர்வா, சோம்பலா?

"எழுந்து நடமாட இயலவில்லை" என்கிறாள் ஒரு பெண். குருதியில் குறையில்லை, நெஞ்சில் நோயில்லை என்கிறது சோதனைத் தாள். எதை நம்புவது? தாளையா, அவள் சொல்லையா?

எதற்கும் சான்று கேட்டுப் பழகியவர்கள் நாம். "கண்டவர் யார்? காட்டுக!" என்று கேட்டே கட்டுக்கதைகள் பலவற்றைக் கலைத்தோம். ஆகவே, இந்தக் கேள்வி மற்றவரைவிட நமக்கே கடினமானது.

இலண்டன் நகரில் நடந்ததைக் காண்போம். 1955 ஆம் ஆண்டு சூலைத் திங்களில், ராயல் ஃப்ரீ மருத்துவமனையில் புதியதொரு நோய் பரவிற்று. படுக்கையில் கிடந்தோரைவிட, அவர்களுக்குப் பணிவிடை செய்தோரையே அது பெரிதும் தாக்கிற்று. மருத்துவர், செவிலியர், பிற ஊழியர் என 292 பேர் நோயுற்றனர். தசை வலி, தலைவலி, தலைச்சுற்றல், கைகால் தளர்ச்சி! மருத்துவமனையையே மூட நேர்ந்தது. பலர் தேறினர், சிலர் நெடுநாள் தேறவில்லை.

பதினைந்து ஆண்டுகள் கழிந்தன. 1970 இல் மனநல மருத்துவர் இருவர் பழைய குறிப்பேடுகளைப் புரட்டினர். நோயுற்றோரை நேரில் கண்டு பேசாமலே தீர்ப்பெழுதினர். "இது கூட்டு ஹிஸ்டீரியா!" என்றனர். அவர்கள் காட்டிய காரணங்களுள் ஒன்று, நோயுற்றோரில் பெண்கள் மிகுதி என்பது! ஹிஸ்டீரியா என்னும் சொல்லுக்கு வேர், கருப்பையைக் குறிக்கும் கிரேக்கச் சொல். பெண் துன்பமுற்றால் உடலை ஆராய வேண்டா, அவள் பெண் என்பதே போதும் என்னும் பழைய எண்ணம் அச்சொல்லுக்குள் ஒளிந்திருக்கிறது. பேய் பிடித்ததென்று வேப்பிலை அடிப்பவனுக்கும் இவர்களுக்கும் என்ன வேறுபாடு? அவன் கையில் உடுக்கை; இவர்கள் கையில் ஏடு. அவள் பேச்சைக் கேளாமை இருவர்க்கும் பொது!

1988 இல் அமெரிக்காவில் இத்தகைய நிலைக்கு நாட்பட்ட சோர்வு நோய் என்று பெயரிட்டனர். பெயரே பகையாயிற்று. "எனக்குந்தான் சோர்வு, நான் வேலைக்குப் போகவில்லையா?" என்று கேட்கலாயினர். உழைத்தவன் சோர்வு உறங்கினால் தீரும்; இது தீராது. சிறிது நடந்தாலும், சிறிது நேரம் படித்தாலும், அன்றோ மறுநாளோ உடல் சரிந்து விழும்; மீள நாட்களோ வாரங்களோ ஆகும். இச்சரிவே இந்நோயின் தனி அடையாளம்.

இதை உணராது, "படிப்படியாக உடற்பயிற்சியைக் கூட்டுக" என்று அறிவுரை கூறினர். இங்கிலாந்தின் மருத்துவ வழிகாட்டி 2007 இல் அதைப் பரிந்துரைத்தது. நோயாளர் பலர், "எம் நிலை மோசமாகிறது" என்று முறையிட்டனர். 2021 இல் அந்தப் பரிந்துரையை அதே வழிகாட்டி கைவிட்டது. அமெரிக்காவின் இன்ஸ்டிட்யூட் ஆஃப் மெடிசின் 2015 இல், இது மெய்யான, கடுமையான உடல்நோய் என்று அறிவித்தது. 2020 இல் பரவிய கொரோனாவுக்குப் பிறகு, உலகெங்கும் எண்ணற்றோர் இதையொத்த தளர்ச்சியில் வீழ்ந்தனர்.

"காணாததை நம்பலாம் என்றால், கடவுளையும் நம்பலாமே!" என்று ஆத்திகர் மடக்கலாம். மடங்க வேண்டியதில்லை. நோயுற்றவள் தன்னை வணங்கச் சொல்லவில்லை, ஆராயச் சொல்கிறாள். ஆராய்ந்தும் பார்த்தனர். அடுத்தடுத்த இரு நாட்கள் உழைப்புச் சோதனை நடத்தியபோது, முதல் நாள் எட்டிய அளவை மறுநாள் பலரால் எட்ட இயலவில்லை. கருவி காட்டவில்லை என்றால், கருவியின் எல்லை அது என்று கொள்வதே அறிவு. இல்லாததற்குச் சான்று அதுவென்று கொள்வது அவசரம்.

"நடிப்பவரும் இருப்பரே?" இருக்கலாம். நடிப்பவனை நம்பினால், நமக்குச் சிறிது இழப்பு. நோயுற்றவளை நடிப்பவள் என்றால், அவளுக்கு வாழ்வே இழப்பு. இரண்டு பிழைகளையும் தராசில் இடுக, எது கனக்கும்?

சோர்வனைத்தும் இந்நோயன்று. குருதிச்சோகையும் தைராய்டுக் கோளாறும் சோர்வு தரும். அவற்றை முதலில் சோதித்தறிய வேண்டும். இந்நோயே என்று தெளிந்தாலும் தீர்க்கும் மருந்து இன்னும் இல்லை, தாங்கும் வழியுண்டு. வரவறிந்து செலவிடும் இல்லம் போல, உள்ள ஆற்றலை அளந்து செலவிடுதல்; களைக்கும் முன்பே ஓய்தல்; நன்றாயிருக்கும் நாளில், விட்ட வேலையையெல்லாம் முடிக்கும் ஆசையை அடக்குதல். இவ்வளவே அது.

ஆனால், ஒருத்தி ஓய வேண்டுமானால் மற்றவர் எழ வேண்டும்! நீர் இறைக்கவும், சோறு வடிக்கவும், பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பவும் அவள் ஒருத்தியே என்றிருக்கும் வீட்டில், "ஓய்வெடு" என்பது வெறுஞ்சொல். மேடையில் பெண்ணுரிமை பேசும் இளைஞர், வீட்டில் துடைப்பத்தைத் தொடுவதில் தொடங்குகிறது இந்நோய்க்கான துணை.

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பது பழமொழி. தனக்கு வராமலே பிறர் வலியை அறிய முயல்வதுதான் பகுத்தறிவு. ஐயுறும் உரிமை நமக்குண்டு. அந்த ஐயத்தை முதலில் நம் முடிவின் மீது செலுத்துவோம்.