வாடகை கேட்பவரின் கடமை

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அடுக்குமாடி வீடு வாங்கியவர்களில் மிகப் பெரும்பாலோரிடம் இருப்பது, 99 அல்லது 125 ஆண்டுகள் போன்ற ஒரு காலத்துக்கு அங்கே குடியிருக்கும் குத்தகை உரிமை மட்டுமே. கட்டடம் நிற்கும் நிலம் வேறொருவருடையது. பழைய குத்தகைகள் பலவற்றில் அவருக்கு ஆண்டுதோறும் நிலவாடகை கட்டியாக வேண்டும். கூரையைச் செப்பனிடவும் மாடிப்படியைத் துடைக்கவும் பராமரிப்புக் கட்டணம் தனியே உண்டு. நிலவாடகைக்கு ஈடாக எந்த வேலையும் நடப்பதில்லை. அதனால்தான், பல ஆண்டு பாக்கி என்று சொல்லி ஒரு கடிதம் வரும்போதோ, தொகை உயர்ந்துவிட்டது என்ற அறிவிப்பு வரும்போதோ, எழும் சச்சரவு பணத்தோடு நிற்பதில்லை. ஏதும் செய்து தராத ஒருவருக்கு, ஒப்பந்தத்தில் எழுதிய வாக்கின் பேரில் மட்டும் ஒரு மனிதர் எதுவரை கடன்பட்டவர்? வாக்கு கட்டுப்படுத்தும், ஆனால் வாடகை வாங்குகிறவரையும் சேர்த்தே கட்டுப்படுத்தும் என்பது என் நிலை. அவர் தம் பங்கு ஒழுங்கைக் காக்காதவரை பணத்தை நிறுத்தி வைப்பது நேர்மைக் குறைவு ஆகாது.

இந்த வாக்கு விசித்திரமானது. முதலில் கையெழுத்திட்டவர் வீட்டை எப்போதோ விற்றுப் போயிருப்பார். நிலமும் கைமாறி ஒரு முதலீட்டு நிறுவனத்திடம் சேர்ந்திருக்கும். வாக்குக் கொடுத்தவரும் இல்லை, பெற்றவரும் இல்லை; வாக்கு மட்டும் நிலத்தோடு ஒட்டிக்கொண்டு நகர்கிறது. ஒருவரையொருவர் கண்டிராத இரு தரப்புக்கு நடுவே கடன் உண்மையாக இருக்க வேண்டுமானால், யார், யாருக்கு, எந்தக் காலத்துக்கு, எவ்வளவு என்பது ஒவ்வொரு முறையும் வெளிப்படையாகச் சொல்லப்பட வேண்டும். 2002ஆம் ஆண்டுக் குத்தகைச் சீர்திருத்தச் சட்டத்தின் 166ஆம் பிரிவு இதைத்தான் சொல்கிறது. நில உரிமையாளர் விதித்த படிவத்தில் எழுதிக் கேட்டாலொழிய, நீண்டகாலக் குத்தகைதாரர் நிலவாடகை கட்டக் கடமைப்பட்டவர் அல்லர். கட்ட வேண்டிய நாள், கேட்ட நாளிலிருந்து 30 நாளுக்குக் குறையாமலும் 60 நாளுக்கு மேற்படாமலும் இருக்க வேண்டும். கேட்காவிட்டாலும் கட்டியே ஆக வேண்டும் என்று குத்தகைப் பத்திரத்தில் எழுதியிருந்தாலும் இதுவே விதி.

படிவத்தில் குறை கண்டுபிடித்துப் பணத்தைத் தட்டிக்கழிப்பது அறமா என்று ஒருவர் கேட்கலாம். நல்ல கேள்வி, அதற்கான பதில் மறுப்பவரையும் கட்டிப்போடுகிறது. முறையாகக் கேட்காததால் கடன் அழிந்துவிடவில்லை. இன்னும் கட்டும் நாள் வரவில்லை, அவ்வளவே. 1980ஆம் ஆண்டுச் சட்டப்படி வாடகைப் பாக்கியை 6 ஆண்டுகள் வரை கோரலாம். ஆகவே நேர்மையான குத்தகைதாரர் அந்தத் தொகையை ஒதுக்கி வைத்துவிட்டு, பத்திரத்தில் எந்த ஷரத்தின்படி இது கேட்கப்படுகிறது என்று எழுத்தில் கேட்பார். சச்சரவு இல்லாத பகுதியைத் தாமதிக்காமல் கட்டுவார். முறையற்ற கடிதத்தின் மேல் ஏற்றப்பட்ட தாமதக் கட்டணத்தை மறுக்க அவருக்கு முழு உரிமை உண்டு. ஆனால் இந்த ஏற்பாடே அநியாயம் என்பதற்காக, வாங்கும்போதே தெரிந்திருந்த சிறு தொகையை ஏமாற்றுவதற்கு உரிமை இல்லை. அந்த வாடகையைக் கணக்கில் வைத்துத்தான் அவர் வீட்டுக்கு விலை பேசியிருக்கிறார்.

தெரிந்திருந்த தொகை என்ற இடத்தில்தான் வாதம் கடினமாகிறது. 10 ஆண்டுக்கு ஒருமுறை இரட்டிப்பாகும் 250 பவுண்டு, 50 ஆண்டு முடிந்ததும் 8,000 பவுண்டு. எழுத்தில் இருந்தது, வழக்கறிஞர் படித்தார், கையெழுத்தும் விழுந்தது என்பார்கள். இதை நான் இலேசாகத் தள்ளவில்லை. ஒப்பந்தத்தை நம்ப முடியாவிட்டால் எளியவருக்கே முதலில் நஷ்டம். ஆனாலும் விலை என்றால் எதற்கோ ஈடாக இருக்க வேண்டும். விவிலியத்தின் லேவியராகமம் 25ஆம் அதிகாரம், நிலம் கடவுளுடையது, நிரந்தரமாக விற்கத் தகாதது என்கிறது. நிலம் பழைய உடைமையாளருக்குத் திரும்பும் யூபிலி ஆண்டு வரை மிஞ்சியிருக்கும் விளைச்சல்களின் எண்ணிக்கைப்படி விலையைக் கூட்டிக் குறைக்கச் சொல்கிறது. அதே அதிகாரம் மதில் சூழ்ந்த நகரத்து வீட்டுக்கு மட்டும் விலக்கு அளிப்பதையும் மறைக்கக் கூடாது: ஓராண்டுக்குள் மீட்காவிட்டால் அது வாங்கியவருக்கே நிலைத்துவிடும். நகரத்து வீட்டில் குடியிருப்பவருக்கே உறுதி கிடைக்கும்படி அமைந்த விலக்கு அது. தாமஸ் பெயின் 1797இல் வெளியிட்ட ‘அக்ரேரியன் ஜஸ்டிஸ்’ இன்னும் ஒரு படி செல்கிறது: நிலத்தை வைத்திருப்பவர்தான் சமூகத்துக்கு நிலவாடகை கடன்பட்டவர் என்கிறார் அவர். உழைப்பு மண்ணை மேம்படுத்தலாம், மண்ணை உண்டாக்குவதில்லை என்பது அவர் காரணம். இரட்டிப்பு ஷரத்தில் நில உரிமையாளர் மண்ணைக்கூட மேம்படுத்தவில்லை. உயரும் தொகை எதற்கும் ஈடாக இல்லை.

இந்த வருமானத்தை நம்பி ஓய்வூதிய நிதிகள் முதலிட்டிருக்கின்றனவே என்பது வலுவான எதிர்வாதம். முதியவர் ஒருவரின் ஓய்வூதியம் உண்மையான தேவை. ஆனால் அதன் பாரத்தை, அந்த முதலீட்டில் குரலே இல்லாத ஒரு குடும்பத்தின் வீட்டின்மேல் ஏற்ற அது காரணமாகாது. நில உரிமையைச் சட்டம் மாற்றுவது புதிதும் அல்ல. நில உரிமையாளரான வெஸ்ட்மின்ஸ்டர் பிரபுவின் அறங்காவலர்கள் 1967ஆம் ஆண்டுச் சட்டத்தை எதிர்த்துப் போனபோது, குத்தகைதாரர் நிலத்தை வாங்க வகைசெய்த அந்தச் சட்டம் சொத்துரிமையை மீறவில்லை என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 1986இல் தீர்த்தது. ஸ்காட்லாந்து நிலமானிய உடைமை முறையையே 2004 நவம்பரில் முடித்துவைத்தது. 2022 ஜூன் 30இல் நடைமுறைக்கு வந்த சட்டப்படி, இங்கிலாந்திலும் வேல்ஸிலும் புதிய நீண்டகாலக் குத்தகைகள் பெரும்பாலானவற்றில் நிலவாடகை பெயரளவுக்கு ஒரு மிளகு. அதன் மதிப்பு பூஜ்யம். அதற்கு முன் கையெழுத்திட்டவர்களை அந்தச் சட்டம் தொடவில்லை. அவர்களில் ஒருவருக்கு 350 பவுண்டுக்கு மேல் பாக்கி சேர்ந்தாலோ, சிறு தொகையே 3 ஆண்டுக்கு மேல் நின்றாலோ, குத்தகையையே பறிக்கும் வழக்குக்கு வழி திறக்கிறது. பராமரிப்புக் கட்டணம் நியாயமானதா என்று எடைபோடத் தீர்ப்பாயம் உண்டு. நிலவாடகை நியாயமானதா என்ற கேள்வியைக் கேட்கும் அதிகாரம் அந்தத் தீர்ப்பாயத்துக்கு இல்லை.